பாதுகாப்புக் கோப்பில் யாருடைய பெயர்?



லாச்சப்பல் மெற்றோவில் இறங்கி, எங்கட கடைத்தெருப் பக்கம் திரும்பாமல் மார்க்ஸ் டோர்முவா வீதியால் வடக்கே நடந்தால், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் போர்த் து லா சப்பல் வந்துவிடும். அங்கே 8000 பேர் இருக்கக்கூடிய ஓர் அரினா நிற்கிறது. 2024 ஒலிம்பிக்கில் பட்மின்டன் நடந்தது அங்கேதான். சிந்துவின் ஆட்டத்தை எங்கட வீடுகளிலும் டிவியில் பார்த்தோம், அம்மாமார் கைதட்டினார்கள். 2023 ஒக்டோபர் 17 அன்று அது இன்னும் கட்டி முடியாத சாந்தியே. அன்று காலை நூற்றுக்கு மேற்பட்ட பப்பியே இல்லாத தொழிலாளர் உள்ளே போய் வேலையை மறித்தார்கள். ஜிலே நுவார் அமைப்பும் சே.என்.தே.-எஸ்.ஓ. தொழிற்சங்கமும் அவர்களோடு நின்றன. அதே நாளில் சே.ஜே.தே. தொழிற்சங்கத்தின் கீழும் இல்-து-பிரான்ஸ் முழுக்க முப்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் பப்பியே இல்லாத தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1961 இல் பரிஸ் பொலிஸ் அல்ஜீரியர்களைக் கொன்று செய்ன் ஆற்றில் எறிந்ததும் ஓர் ஒக்டோபர் 17 தான்.

அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி எங்கட வட்டங்களில் நிறையக் கதைத்தோம். பெரும்பாலும் விசா, பப்பியே, ரெகுலரிசாசியோன் பற்றித்தான். அது சரியான பேச்சுத்தான். ஆனால் ஒரு விஷயத்தைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. அந்தச் சாந்தியே காகிதம் இல்லாத இடமே இல்லை. பிரான்சில் இந்த அளவுக் கட்டடம் எழும்பும்போது பாதுகாப்புக் காகிதம் மலைபோலக் குவியும். அவ்வளவு காகிதத்துக்கும் நடுவில், சட்டப்படி அங்கே இல்லாதவர்கள் எப்படிச் சீமெந்து கலந்தார்கள்? இந்த ஆசிரியர் தலையங்கம் அந்தக் காகிதத்தைப் பற்றியது. அதை எழுதுகிற கைகளில் கொஞ்சம் எங்கட கைகள் என்பதால்தான் எழுதுகிறோம்.

முதலில் அந்தக் காகிதம் என்ன என்று சொல்ல வேணும். 1992 இல் ஐரோப்பிய சமூகம் தற்காலிகக் கட்டுமானத் தளங்களுக்கு என்று ஒரு நெறியாணை போட்டது. பிரான்ஸ் அதை 1993 டிசம்பர் 31 ஆம் திகதிச் சட்டத்தால் தன் தொழிற்சட்டத்துக்குள் கொண்டுவந்தது. (லண்டனில் இருக்கிற தோழர்களுக்கு: உங்கட சி.டி.எம். விதிகளுக்கும் தாய் அதே நெறியாணைதான்.) கட்டடத்தைக் கட்டுவிக்கிறவர், அது நகரசபையோ தனியார் கொம்பனியோ, ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேணும். அவர் முழுத்தளத்துக்கும் ஒரு பொதுத் திட்டம் எழுதுவார். அதை வைத்து உள்ளே வருகிற ஒவ்வொரு கொம்பனியும் தன் தன் வேலைக்கான தனித் திட்டத்தை எழுதிக் கொடுக்க வேணும். அதற்குப் பெயர் பே.பே.எஸ்.பே.எஸ். துணை ஒப்பந்தக்காரருக்கும், அவருக்குக் கீழே இருக்கிற துணை ஒப்பந்தக்காரருக்கும் அதே கடமை. மொத்த வேலை 500 ஆள்நாளைத் தாண்டினாலே இது வரும். அதற்குக் குறைந்த சின்ன வேலையிலும், 3 மீற்றருக்கு மேலிருந்து விழக்கூடிய ஆபத்துப் போன்ற சில இருந்தால், சுருக்கமான வடிவம் ஒன்று கேட்பார்கள். கொடுக்காத முதலாளிக்கு 9000 யூரோ வரை தண்டம்.

அதில் எழுத வேண்டியவை உண்மையில் நல்ல விஷயங்கள். எத்தனை பேர் எப்ப வருவினம், பொறுப்பாளர் யார், முதலுதவி தெரிந்தவர் யார், காயப்பட்டவரை எந்த வழியால் வெளியே கொண்டுபோவது, உடுப்பு மாற்ற இடம், தண்ணி, கழிப்பறை. பிறகு வேலையைப் படிப்படியாகப் பிரித்து ஒவ்வொரு படியிலும் என்ன ஆபத்து, அதற்கு என்ன செய்கிறோம் என்று. இன்னும் முக்கியமானது, எங்கட வேலை மற்றக் கொம்பனியின் ஆட்களுக்கு என்ன ஆபத்தைக் கொண்டுவரும், அவர்களின் வேலை எங்களுக்கு என்ன கொண்டுவரும் என்ற பகுதி. பெரிய தளங்களில் ஆட்கள் இந்த இடைவெளியிலும் சாகிறார்கள். ஒருத்தரின் லொறி, இன்னொருத்தரின் முதுகு.

2023 ஜூன் 16 அன்று ஓஸ்தர்லிட்ஸில் நடந்தது அதுதான். செய்ன் ஆற்றில் ஒலிம்பிக் நீச்சல் நடத்துவதற்காக மழைநீரைச் சேமிக்கும் 50,000 கனமீற்றர் தொட்டி ஒன்றைக் கட்டினார்கள். மாலியிலிருந்து வந்த 51 வயதுத் தொழிலாளி ஒருவர் பின்பக்கமாக வந்த வாகனத்தில் அடிபட்டு இறந்தார். வாகனங்கள் எந்தப் பாதையால் போக வேணும், ஆட்கள் எந்தப் பாதையால் நடக்க வேணும், பின்னால் எடுக்கும்போது யார் வழிகாட்ட வேணும் என்பதெல்லாம் இந்தத் திட்டங்களின் அரிச்சுவடி. ஒலிம்பிக் கட்டுமானத்தில் ஒரு மரணமும் இல்லை என்று பிறகு பெருமையாகச் சொன்னபோது இவர் அந்தக் கணக்கில் வரவில்லை. அந்தத் தளம் ஒலிம்பிக் கட்டுமான நிறுவனத்தின் பட்டியலில் இல்லையாம். ஆற்றில் நீந்தினது மட்டும் ஒலிம்பிக்.

இப்ப எங்கட கதைக்கு வருவோம்.

இந்த மின்னஞ்சலை வாசிக்கிற உங்களில் பலருக்கு இந்தத் தொலைபேசி அழைப்புத் தெரியும். சித்தப்பாவோ, அப்பாவின் ஊர்க்காரர் ஒருவரோ எடுப்பார். "பிள்ளை, நீ படிச்சனீதானே, இந்தப் பேப்பரை ஒருக்கா நிரப்பித் தா, நாளண்டைக்குக் குடுக்காட்டி உள்ள விடமாட்டினமாம்." அவரிடம் நாலு அல்லது ஆறு பேர் வேலை செய்கிற ஒரு சின்னக் கொம்பனி இருக்கும். பெயின்ற், பிளாக்கோ, தரை போடுகிறது, கட்டி முடிந்த பிறகு துப்பரவு. அவருக்கு மேலே ஒரு கொம்பனி, அதற்கு மேலே எல்லாருக்கும் தெரிந்த பெரிய பெயர். குடும்பத்தில் பிரெஞ்சு எழுதத் தெரிந்தது நாங்கள்தான். பத்து வயதில் காஃப் கடிதத்தை மொழிபெயர்த்த கை, இருபத்திமூன்று வயதில் பே.பே.எஸ்.பே.எஸ். எழுதுகிறது.

சட்டம் கொடுக்கிற காலம் ஒப்பந்தம் கையில் கிடைத்து முப்பது நாள். பெயின்ற் போன்ற உள்வேலைகளுக்கு, விசேஷ ஆபத்து இல்லையென்றால், எட்டு நாள். நடைமுறையில் எங்களுக்கு வருகிறது ஒன்றரை நாள். அதனால் என்ன நடக்கும்? முந்தின தளத்தின் கோப்பைத் திறந்து பெயரை மாற்றுவது. நான் பார்த்த ஒரு திட்டம் சென்-துனியில் நடக்கிற வேலைக்கு. அதில் காயப்பட்டவரைக் கொண்டுபோக வேண்டிய ஆஸ்பத்திரி லியோனில் இருந்தது. வேறொன்றில் உள்ளே சுவர் பூசுகிற வேலைக்குக் கூரையில் கட்டுகிற கயிறு பற்றி ஐந்து பக்கம், சுவரை அரம் போட்டு உரசும்போது எழும்புகிற தூசு பற்றி ஒரு வரியும் இல்லை. சிலிக்காத் தூசு வருகிற வேலைகளை 2021 ஜனவரி 1 முதல் பிரான்ஸ் புற்றுநோய் தரக்கூடிய வேலைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எங்கட அப்பாமார் பலர் முப்பது வருஷமாகச் சுவாசித்தது அதைத்தான். இரண்டு திட்டத்தையும் மேலே இருந்தவர்கள் வாங்கி வைத்தார்கள். ஒரு கேள்வியும் வரவில்லை.

கேள்வி வராததுதான் இதில் மிக முக்கியமான தகவல். யாராவது வாசித்திருந்தால் லியோன் கண்ணில் படும். மேல் கொம்பனிக்குத் தேவை வாசிக்கிற திட்டம் இல்லை, கோப்பில் இருக்கிற திட்டம். ஏதும் நடந்தால், "துணை ஒப்பந்தக்காரர் ஆபத்தை மதிப்பிட்டு எழுதித் தந்தார், இதோ கையெழுத்து" என்று காட்டலாம். பொறுப்பு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, கடைசியில் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத ஒருத்தரின் கையெழுத்தில் வந்து நிற்கிறது. காசு மேலே போகிற அதே படிகள்தான்.

எந்தப் படியில் யார் பேசலாம் என்பதையும் விதிகளே தீர்மானிக்கின்றன. 10,000 ஆள்நாளைத் தாண்டி, பத்துக் கொம்பனிக்குக் குறையாமல் இருக்கிற கட்டடத் தளங்களில் எல்லாக் கொம்பனிகளையும் சேர்த்து ஒரு பாதுகாப்புக் குழு கூட வேணும். தொழிலாளர் பிரதிநிதிகளும் அதில் இருப்பார்கள். ஆனால் பத்துப் பேரையாவது நாலு கிழமையாவது தளத்தில் வைத்திருக்காத கொம்பனி, விசேஷ ஆபத்துள்ள வேலை செய்யாவிட்டால், அதில் பங்குபற்றத் தேவையில்லை. சின்னவருக்குச் சுமை குறைக்கிற சலுகை மாதிரித் தெரியும். விளைவு என்னவென்றால், ஆகக் கடைசிப் படியில் நிற்கிறவர்களுக்கு அந்த மேசையில் கதிரை இல்லை.

சித்தப்பாவைப் பற்றி. இதை எழுதுவது சுலபமில்லை, ஆனாலும் ஒரு இடதுசாரிக் குழுவின் மடலில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? சித்தப்பா மேலே இருப்பவர்களால் நசுக்கப்படுகிறார், உண்மை. விலையைக் குறைத்துக் குறைத்துக் கேட்பினம், மூன்று மாதம் கழித்துத்தான் காசு வரும். அதோடு அவர் ஒரு முதலாளியும்தான். அவரிடம் வேலை செய்கிற பெடியன் நேற்று வந்தவன், வழக்கு இன்னும் முடியாதவன், வாடகைக்கும் அவரிடமே இருப்பவன். "எங்கட ஆக்கள்" என்ற சொல் அந்தப் பெடியனுக்கு வேலையையும் தருகிறது, வாயையும் மூடுகிறது. கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்கிற அண்ணையிடம் ஹெல்மெற் கேட்க யாருக்குத் துணிவு வரும்? தமிழ் முதலாளியை விமர்சித்தால் சமூகத்தைக் காட்டிக்கொடுக்கிறோம் என்பார்கள். சாரத்திலிருந்து விழுகிறவனும் அந்தச் சமூகம்தானே.

பெயர் விஷயம் இங்கேதான் வருகிறது. திட்டத்தில் தலைக்கணக்கு மட்டும் இருக்கும். பெயர்கள் இருப்பது அதோடு சேர்ந்து போகிற கோப்பில்: ஒவ்வொருவரின் பே.தே.பே. அட்டை, மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, யுர்சாஃப் சான்றிதழ், வேலை அனுமதி தேவைப்படுகிற வெளிநாட்டவரின் பெயர்ப்பட்டியல். 5000 யூரோவுக்குக் குறையாத ஒப்பந்தம் என்றால் இவற்றில் சிலவற்றை வேலை கொடுப்பவர் கேட்டு வாங்கியே ஆக வேணும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் கேட்க வேணும். பப்பியே இல்லாதவர் இதற்குள் எப்படி நுழைகிறார்? இன்னொருத்தரின் பெயரில். அண்ணனின் அட்டை, நண்பனின் அட்டை, மாதம் இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த அட்டை. மாலித் தோழர்கள் அதற்கு அலியாஸ் என்று சொல்லுவார்கள். எங்கட ஆட்களும் ரெஸ்ரோறன்ற் குசினியிலிருந்து சாந்தியே வரைக்கும் இந்த வழியால் போய் வந்தவர்கள்தான்.

அப்படிப் போனவருக்குப் பாதுகாப்புக் கோப்பு என்பது வேறொருத்தரின் உடம்பைப் பற்றியது. மருத்துவப் பரிசோதனை செய்தது வேறொருத்தருக்கு. இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் எல்லாம் அவருடையவை. பயிற்சிச் சான்றில் இருக்கிற பெயருக்கு உரியவர் தன் வாழ்நாளில் அந்த இயந்திரத்தைத் தொட்டதில்லை. விபத்து நடந்தால் ஆஸ்பத்திரியில் எந்தப் பெயரைச் சொல்வது என்று யோசிக்கிறதிலேயே நேரம் போகும். சிலர் எழும்பி நடந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த விபத்து ஒரு புள்ளிவிபரத்திலும் ஏறாது. 2023 இல் பிரான்சில் பொதுக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் மட்டும் வேலை விபத்தில் 759 பேர் இறந்தார்கள். அதில் ஏறுவதற்கும் முதலில் ஒரு பெயர் வேணும்.

சட்டம் இந்த இடத்தில் பலர் நினைப்பதை விட நல்லது என்பதை எல்லாரும் தெரிந்து வைத்திருங்கள். தொழிற்சட்டக் கோவையின் எல்.8252-1 என்ற பிரிவு, வேலை அனுமதி இல்லாமல் வேலைக்கு எடுக்கப்பட்டவரை, எடுத்த நாளிலிருந்தே ஒழுங்காக எடுக்கப்பட்டவருக்குச் சமமாக வைக்கிறது. வேலை நேரம், ஓய்வு, சுகாதாரம், பாதுகாப்பு எல்லாவற்றிலும் முதலாளிக்கு அதே கடமைகள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நினைக்க நியாயமான காரணம் இருந்தால் வேலையை விட்டு விலகி நிற்கிற உரிமையும் அவருக்கு உண்டு. பப்பியே இல்லாதவனுக்கு ஒரு உரிமையும் இல்லை என்று சொல்கிற அண்ணைமார் சட்டம் தெரியாமல் சொல்வதில்லை, தெரிந்தேதான் சொல்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேணும். 2017 இல் வலதுசாரிகள் கையில் இருந்த சில பிராந்திய சபைகள் "மொலியேர் விதி" என்று ஒன்றைக் கொண்டுவந்தன. அரச பணத்தில் நடக்கிற கட்டுமானத்தில் தொழிலாளருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேணும் என்று. எங்கட இல்-து-பிரான்ஸ் சபையும் அந்த வருஷம் மார்ச்சில் அப்படி ஒன்றை ஏற்றுக்கொண்டது. சொன்ன காரணம் பாதுகாப்பு. நோக்கம் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளரை வெளியே வைப்பது, அதை மறைக்கவும் அவர்கள் பெரிதாகப் பாடுபடவில்லை. ஓவெர்ன்-ரோன்-அல்ப் சபை போட்டதை அந்த டிசம்பரில் லியோன் நிர்வாக நீதிமன்றம் இரத்துச் செய்தது. அதே டிசம்பரில் கொன்செய் தேத்தா இன்னொரு வழக்கில் வேறு விதமாகத் தீர்த்தது. பேய் து லா லுவார் சபையின் ஒப்பந்தத்தில் இருந்தது பிரெஞ்சு தெரிய வேணும் என்ற நிபந்தனை இல்லை. தொழிலாளருக்கு விளங்கவில்லை என்றால் ஒப்பந்தக்காரர் தன் செலவில் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவர வேணும் என்பது. அது செல்லும் என்றார்கள்.

அந்த இரண்டாவது தீர்ப்பை எங்கட பக்கத்து ஆட்கள் போதியளவு பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். தொழிற்சட்டக் கோவையும் ஏற்கனவே, ஆபத்துகளை ஒவ்வொருவருக்கும் விளங்கக்கூடிய விதத்தில் சொல்ல வேணும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. ஒவ்வொருவருக்கும். அப்படியென்றால் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழில். அந்த மொழிபெயர்ப்பு கருணை இல்லை, கடமை. அந்தச் செலவு பெரிய கொம்பனியின் கணக்கில் ஏற வேண்டியது. இப்போது அது ஒரு மருமகளின் ஞாயிற்றுக்கிழமையில் ஏறுகிறது, சம்பளமில்லாமல், நன்றிக்கு ஒரு பெட்டி மிக்ஸரோடு.

எங்கள் குழுவில் இதைப் பற்றி நடந்த விவாதத்தில் ஒரு தோழர், இனி யாரும் எழுதிக் கொடுக்கக்கூடாது, மறுக்க வேணும் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாங்கள் மறுத்தால் இணையத்தில் ஐம்பது யூரோவுக்கு ஒரு மாதிரிக் கோப்பை வாங்குவார்கள், அல்லது ஒரு செயற்கை நுண்ணறிவிடம் எழுத விடுவார்கள். அது இன்னும் அழகான பிரெஞ்சில் லியோன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். எழுதுவோம், ஆனால் எங்கட நிபந்தனையில். சித்தப்பாவோடு மட்டும் கதைத்து எழுதுவதில்லை. வேலை செய்யப்போகிறவர்கள் இரண்டு பேரோடாவது கதைக்க வேணும், அவர் இல்லாத இடத்தில். போன தளத்தில் எது பயமாக இருந்தது, எது உடைந்திருந்தது, தண்ணி எங்கே இருந்தது என்று கேட்டால் போதும், பத்து நிமிடத்தில் ஒரு மாதிரிக் கோப்பிலும் இல்லாத ஐந்து விஷயம் வரும். தண்ணி என்று சும்மா சொல்லவில்லை. ஆளுக்கு நாளுக்கு 3 லீற்றர் குடிதண்ணி கட்டுமானத் தளத்தில் சட்டப்படி கொடுக்க வேண்டியது, 2025 ஜூலை முதல் வெப்ப அலைக்கான புதிய விதிகளும் வந்திருக்கின்றன. திட்டத்தில் அதை எழுதியிருக்க வேணும், தளத்தில் போத்தல் இருக்க வேணும்.

வேலை தொடங்க முதல் ஒருங்கிணைப்பாளரோடு சேர்ந்து தளத்தைச் சுற்றிப் பார்க்கிற கட்டாயம் ஒன்றும் இருக்கிறது. அதற்கு முதலாளி தனியாகப் போகாமல் வேலை செய்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், தேவையென்றால் நீங்களும் போங்கள். போகிற நேரத்துக்குக் காசு கேளுங்கள். திட்டம் முடிந்ததும் அதில் முக்கியமானதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி எல்லாருடைய வட்ஸ்அப்பிலும் போடுங்கள். குரல்பதிவாக இருந்தால் இன்னும் நல்லது, எல்லாரும் வாசிக்கிறவர்கள் இல்லை. திட்டத்தின் ஒரு பிரதி தளத்தில் எப்போதும் இருக்க வேணும் என்பதும் விதி. அது எந்தக் கொன்ரெயினரில் எந்த லாச்சியில் இருக்கிறது என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். பெயர்ப்பட்டியலில் கை வைக்காதீர்கள். யாரிடம் யாருடைய அட்டை என்பதை நீங்கள் எங்கேயும் எழுதி வைக்கக்கூடாது, மின்னஞ்சலிலும் கூடாது. தொழிற்பரிசோதகர்களின் வேலையில் பாதுகாப்பும் உண்டு, சட்டவிரோத வேலையைக் கண்டுபிடிப்பதும் உண்டு. நல்லவர்கள் பலர் இருந்தாலும், யாரை எப்ப கூப்பிடுவது என்பதைத் தொழிலாளர் தாங்களே, ஒரு தொழிற்சங்கத்தோடு கதைத்துத் தீர்மானிக்க வேணும். லாச்சப்பலிலிருந்து ஷாத்தோ தோ வீதியில் இருக்கிற பூர்ஸ் து திரவாய் நடக்கிற தூரம்தான். தமிழில் கதைக்க ஆள் வேணும் என்றால் எங்களில் யாராவது கூட வருவோம்.

அரினாவை மறித்தவர்கள் அந்த அளவுக்கு வந்தது ஒரே நாளில் இல்லை. விடுதிகளில் இரவு இரவாகக் கூடி, யார் எந்தக் கொம்பனிக்குக் கீழே, அந்தக் கொம்பனி எதற்குக் கீழே என்று அவர்களே ஒழுங்கைப் படம் மாதிரி வரைந்து வைத்திருந்தால்தான் எந்த வாசலை மறிக்க வேணும் என்று தெரியும். எங்கட ஆட்கள் எந்தத் தளங்களில், எத்தனையாவது படியில் நிற்கினம் என்ற படம் எங்களிடம் இல்லை. அதற்குத் தேவையான காகிதம் மட்டும் எங்கட மடிக்கணினிகளில் கிடக்கிறது. நீங்கள் எழுதிக்கொடுத்த அல்லது வீட்டில் கண்ட பழைய பே.பே.எஸ்.பே.எஸ். ஏதாவது இருந்தால், ஆட்களின் பெயர், விலாசம், தொலைபேசி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதல் மூன்று பக்கத்தை மட்டும் அச்சிட்டு அடுத்த கூட்டத்துக்குக் கையில் கொண்டு வாங்கோ. மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். எந்தத் தளம், மேலே எந்தக் கொம்பனி, எத்தனை பேர், எந்த மாதம் என்ற நாலும் தெரிந்தால் எங்களுக்குக் காணும்.